காய்ச்சல் பாத்தி

பிரண்டையேந்தல் ஆயக்கட்டில் பத்தாம் மடைக்குக் கீழே உள்ள பதினொரு பாத்திகளுக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை.

கண்மாய்ச் சங்கத்தின் எந்தத் தீர்மானத்திலும் இது எழுதப்பட்டதில்லை. ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித் தருவதுமில்லை. முதல் போகத்திலேயே அவள் தானாகப் புரிந்துகொள்வாள். கண்மாய் தளும்பி நிற்கும் ஆண்டிலும் வாய்க்கால் நீர் பத்தாம் மடையோடு நின்றுவிடும். அதற்கப்பால் நிற்கும் நெற்பயிர் சுருண்டு, வெளுத்து, காயும். கார்த்திகைக் கடைசியில் வாடைக்காற்று அந்த மூலையிலிருந்து எழும்போது மெலிதான மல்லிகை வாசம் ஆயக்கட்டு முழுவதும் பரவும். வாசம் வரத் தொடங்கிய நாள்முதல் அறுவடை வரை ஊர்ப் பெண்கள் மல்லிகை சூடுவதில்லை, கனகாம்பரம் வைத்துக்கொள்வார்கள். அதற்கும் யாரும் காரணம் சொல்வதில்லை. அறுவடை முடிந்த மறுநாள் அந்தப் பாத்திகளுக்கு உரிய ஆறு வீடுகளின் வாசலில் நெல் மூட்டைகள் இருக்கும். வைத்தவர் நின்று சொல்லிக்கொண்டு போவதில்லை. பெற்றவர் யார் வைத்தது என்று கேட்பதில்லை.

அந்த ஆறு வீடுகளும் காலனியில் இருந்தன. காற்று கிளம்பும் மூலையும் கடைமடையும் ஒன்றாகவே அமைந்தது தற்செயல் என்று பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் அறிக்கை குறிப்பிட்டிருந்தது. அந்த மூலை அந்த ஆறு குடும்பங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அறிக்கை ஆராயவில்லை. அது பயிரியல் சார்ந்த கேள்வியாகக் கருதப்படவில்லை.

நிரஞ்சனா ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஊரின் வரப்பில் கால் வைத்தபோது முற்பகல் பத்து மணி. அவள் நிலையத்தின் முதுநிலை ஆய்வாளர். வந்தது நிலையத்துக்குத் தெரியாது. தெரிந்தால் திரும்பிப்போக அங்கே அவளுக்கு நாற்காலி இருக்குமா என்பது ஐயமே. கைப்பையில் நான்கு தாள்கள் இருந்தன. வாசம் அவளை ஆயக்கட்டின் தொடக்கத்திலேயே எதிர்கொண்டது. மெலிதாக இல்லை. பூக்கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

எட்டாம் மடை அருகே மண்வெட்டியோடு நின்றிருந்தார் காத்தமுத்து. ஆயக்கட்டின் நீர்கட்டி அவர். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் மண்வெட்டியின் சொல்.

“வாங்க மேடம். வழி தப்பி வந்துட்டீகளா?”

“வழி தெரிஞ்சுதாண்ணே வந்தேன்.”

“கண்ணாடி போட்ருக்கீக. அப்ப இல்ல.”

“அப்பவே போட்டிருக்கணும்.”

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். கடைமடைப் பக்கம் கையை நீட்டினார். “இன்னையோட பதினேழு நாளு காயுது. வயல்ல எல்லாம் பொதி கட்டிருச்சு. நாலு நாள்ல கதிர் எட்டிப் பாத்துரும்.”

“வாசம் ரொம்ப இருக்கே?”

“நல்லாத்தான அடிக்குது. போன வருசத்துக்கு ரெட்டிப்பு. அங்கிட்டு அது கத்துனாத்தான இங்கிட்டு இந்தப் பயலுக முழிச்சுக்கிருவாய்ங்க.” உள்வயல்களின் பயிரை அவர் எப்போதும் பயல்கள் என்றே சொல்வார்.

“நாகவள்ளியக்கா எங்க இருக்காங்க?”

அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். “அவளை என்னத்துக்கு?”

“ஒரு விஷயம் சொல்லணும்.”

காத்தமுத்து வாய்க்காலைப் பார்த்தார். நாகவள்ளி அவருக்கு மருமகள் முறை. சொந்தத் தங்கையின் மகள். “ஊருணிக்கு மேக்க மூட்டம் போட்ருக்கா. புகையைப் பாத்துப் போங்க” என்றார். பிறகு, அவள் சற்றுத் தூரம் நடந்தபின், “அவகிட்ட ரொம்பப் பேசாதீக மேடம்” என்று முதுகுக்குச் சொன்னார்.

சீமைக் கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண் பூசி, உள்ளே தீ கனிந்து கரியாகும்வரை காவல் இருப்பது நாகவள்ளியின் தொழில். மூட்டத்தில் எங்கு வெடிப்பு விழுந்து புகை கசிகிறதோ அங்கு ஈரமண்ணை அப்ப வேண்டும். விட்டுவிட்டால் உள்ளிருக்கும் விறகு எரிந்து சாம்பலாகிவிடும். நாற்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. முழங்கை வரை கரி. நிரஞ்சனாவைக் கண்டதும் எழுந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து முந்தானையால் துடைத்துவிட்டுத் தள்ளிவைத்தாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நிரஞ்சனாவுக்கு இருபத்து நான்கு வயது. நிலையத்தின் சார்பில் இந்த ஆயக்கட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள். அந்த ஆண்டும் மழை ஒரே வாரத்தில் கொட்டித் தீர்ந்து, பிறகு ஐம்பது நாள் முகம் காட்டவில்லை. வயல்கள் பச்சையாக, உயரமாக, குறையில்லாமல் நின்றன. அறுத்துத் தூற்றியபோதுதான் தெரிந்தது: எண்பது ஏக்கரிலும் சாவி. உமிக்குள் அரிசி இல்லை. களத்தில் தூற்றிய நெல் காற்றோடு போய்க் கருவேலங்காட்டில் விழுந்தது.

கதிர் வருமுன்பே ஒரு நாள் காத்தமுத்து அவளைக் கடைமடையில் காயவிடும் காய்ச்சல் பாத்திக்கு அழைத்துப் போய்க் காட்டியிருந்தார். முகப்பில் இருந்த இரண்டு பாத்திகளில் மண் ஈரமாக இருந்தது. வரப்போரத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் கிடந்தது. நீல நிறம், கழுத்தில் கம்பி சுற்றியது. அது யாருடைய குடம் என்பது ஊருக்கே தெரியும். அறுவடைக்குப் பின் நிரஞ்சனா அறிக்கை எழுதினாள். ‘எச்சரிக்கைப் பாத்தியில் அனுமதியின்றி நீர் பாய்ச்சப்பட்டதால் வயல்களுக்கு எச்சரிக்கை சென்றடையவில்லை, விளைச்சல் பொய்த்தது.’ அதில் யாருடைய பெயரும் இல்லை என்பதை அப்போது அவள் தன் நேர்மைக்குச் சான்றாக எண்ணினாள். பெயர் எழுதாத இடத்தில் ஊர் தானே பெயரை எழுதிக்கொண்டது.

நாகவள்ளியின் அண்ணன் பூமிநாதனை யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அவர் வந்தால் பேச்சு நிற்கும், போனபின் தொடரும். டீக்கடையில் அவர் கேட்குமுன்பே கிளாஸ் வந்துவிடும், சீக்கிரம் குடித்துவிட்டுப் போகட்டும் என்பதற்காக. நான்கு மாதம் அப்படி இருந்து பார்த்துவிட்டு, வடக்கே ஒரு செங்கல் சூளைக்குப் போனார். இரண்டாம் கோடையில் வெயில் தாங்காமல் சூளைவாசலிலேயே விழுந்தார். அந்த வெப்பத்தில் உடலை இவ்வளவு தூரம் கொண்டுவர முடியாது என்றார்கள். ஒரு பை மட்டும் வந்தது. அதில் இரண்டு சட்டை, ஒரு சோப்புப் பெட்டி.

“அக்கா,” என்று தொடங்கினாள் நிரஞ்சனா. “அந்த வருசத்து இலையெல்லாம் நாங்க எடுத்து ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம். ஒவ்வொரு வயல்லயும் மூணு நாளைக்கு ஒருக்க எடுத்தது. காரணம் தெரிஞ்சுபோச்சுன்னு அதை யாரும் சோதிக்கல. போன மாசம் புது மெஷின் வந்துச்சு. அது சரியா வேலை செய்யுதான்னு பாக்க ஏதாவது பழைய இலை வேணும்னு கேட்டாங்க. அதை எடுத்துக் குடுத்தேன்.”

“ஆறு வருசமாவா வச்சிருந்தீக? கெட்டுப்போகாது?”

“கெடாதுக்கா. அதுக்குன்னு பெட்டி இருக்கு.”

“மனுசனுக்குத்தான் பெட்டி இல்ல போல.” நாகவள்ளி மூட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள். “சொல்லுங்க.”

“பயிருக்குத் தாகம் எடுத்தா வேர்ல ஒரு சாறு ஊறும். அது இலைக்குப் போயி, இலையில இருக்கிற சின்னச் சின்ன வாயையெல்லாம் மூடச் சொல்லும். உள்ள இருக்கிற தண்ணி ஆவியாப் போகாது. இது எல்லாப் பயிருக்கும் உள்ளது. நாங்க என்ன பண்ணினோம்னா, தாகம் எடுத்த பயிர் அதை வாசமா வெளியே சொல்ற மாதிரியும், பக்கத்துப் பயிர் அந்த வாசம் பட்டதும் முன்கூட்டியே வாயை மூடிக்கிற மாதிரியும் மரபணுவை மாத்தினோம்…”

“எனக்கே பாடம் எடுக்குறீகளா? எங்க பாத்தி கத்தும், அதைக் கேட்டு ஊர்ப் பயிரு உசாராகும். சேதி நெல்லுன்னு பேரு வச்சதே எங்க தெருவுதான். பதினஞ்சு வருசமா எங்க வாசலுக்கு நேராத்தான கத்துது.”

“அந்த வருசம் சேதி போகலைன்னு நான் எழுதினேன்.”

“எழுதுனீக.”

“சேதி போயிருக்குக்கா. எல்லா வயலுக்கும் போயிருக்கு. அளவுக்கு மேல போயிருக்கு.”

நாகவள்ளி கையில் இருந்த ஈரமண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“இலை வாயை மூடினா தண்ணி வெளிய போகாது. ஆனா காத்தும் உள்ள வராது. பயிர் பட்டினி கிடக்கும். கொஞ்ச நாள் தாங்கும். கதிர் பொதியில இருக்கிறப்ப அந்தச் சாறு கூடிப்போச்சுன்னா தாங்காது. மகரந்தம் உள்ளேயே செத்துப்போகும். வெளிய பச்சையா நிக்கும், பூக்கும், பிடிக்காது. அதுதான் நடந்துச்சு.”

“அது எப்படி அந்த வருசம் மட்டும் கூடிச்சு?”

இந்தக் கேள்விக்கான விடையை நிரஞ்சனா பேருந்தில் நான்குமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். “விதையால. உங்க பாத்தியில எந்தப் பயிர் அதிகமா வாசம் விட்டுச்சோ அதையே அடுத்த வருசத்துக் காய்ச்சல் பாத்திக்கு விதையா எடுத்தோம். அதிகமாக் கத்துறதாப் பாத்து எடுத்தோம். ஒவ்வொரு வருசமும்.”

“அதுதான் காஞ்சு செத்துருமே. விதை ஏது?”

“சாகறதுக்கு முன்னாடி பிடுங்கிட்டுப் போயிருவோம். நிலையத்துல தொட்டியில வச்சு…”

“தண்ணி ஊத்துவீகளா?”

மூட்டத்தின் ஓரத்தில் புகை ஒரு கோடாக எழுந்தது. நாகவள்ளி எழுந்துபோய் அந்த இடத்தில் மண்ணை அப்பி, உள்ளங்கையால் தட்டிவிட்டு வந்து அமர்ந்தாள்.

“ஊத்துவோம்க்கா.”

“ம்.”

இரண்டு மைனாக்கள் ஊருணிக் கரையில் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. நாகவள்ளி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்கவேண்டியதைக் கேட்டாள். “அப்ப எங்கண்ணன் ஊத்துனதுனால ஒண்ணும் கெடல.”

“ஒண்ணும் கெடல.”

“அதைச் சொல்லத்தான் வந்தீகளா?”

“இன்னொண்ணும் இருக்கு.” அவள் குரல் தணிந்தது. “அவர் ஊத்தினது சரி. போதல, அவ்வளவுதான். காத்து கிளம்புற முகப்புல உங்க ரெண்டு பாத்திதான் இருக்கு. இருக்கிறதுலயே பலமாக் கத்துற விதையும் அதுலதான். அது ரெண்டும் முழுசா நனைஞ்சிருந்தா வாசம் பாதியா அடங்கியிருக்கும். உள்வயல் அத்தனையும் பிழைச்சிருக்கும். அவர் இன்னும் ஊத்தியிருக்கணும்.”

நாகவள்ளி அவள் பக்கம் திரும்பினாள். “எவ்வளவு?”

“என்னக்கா?”

“எத்தனை குடம் ஊத்தியிருக்கணும்?”

“நானூறு. பத்து சென்ட் நிலத்துக்கு.”

“அவன் எட்டு நாளு ஊத்துனான். மத்தியானத்துல, எல்லாரும் சோத்துக்குப் போனப்ப. கருவக்காட்டுக்குள்ள சுத்திக்கிட்டு வரணும், ஆளு கண்ணுல படாம. நாளைக்கு ஏழெட்டு நடை வச்சாலும் அறுபதுதான் வரும்.” அவள் விரல்களை மடக்கிப் பார்த்து, மீண்டும் விரித்தாள். “ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊத்துனா நானூறு ஊத்த முடியாது, மேடம்.”

அதன்பிறகுதான் நிரஞ்சனா இந்த ஆண்டைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்கு இருந்த அதே வானம், அதே காற்று, அதே பொதிப் பருவம். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் அந்தப் பருவத்தில் ஏதோ ஒரு தூறல் விழுந்து காப்பாற்றியிருந்தது. இந்த ஆண்டு விழவில்லை. வாசம் அன்றைக்கு இருந்ததைவிட வலுவாக இருக்கிறது. நான்கு நாட்களுக்குள் அந்த இரண்டு பாத்திகள் நனையாவிட்டால் எண்பது ஏக்கரும் மீண்டும் சாவிதான்.

நாகவள்ளி கையைக் கழுவினாள். “சங்கத்துல சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன?”

அன்று மாலை நான்கு மணிக்குக் கண்மாய்க்கரைக் கொட்டகையில் சங்கம் கூடியது. பதினான்கு பேர். தலைவர் துரைசிங்கம் அறுபது வயதுக்காரர். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர். தாள்களை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிக அருகில் வைத்துப் படித்தார். நிரஞ்சனா விளக்கினாள். பூமிநாதன் என்ற பெயரை அவள் சொன்னபோது பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“மேடம்,” என்றார் துரைசிங்கம். “அன்னைக்கு ஒரு தாளு குடுத்தீக. நம்புனோம். இன்னைக்கு நாலு தாளு குடுக்குறீக. எதை நம்புறது?”

“இதை.”

“அப்ப அது பொய்யி?”

“தப்பு.”

“தப்புக்கும் பொய்யிக்கும் வயல்ல என்னம்மா வித்தியாசம்? ரெண்டும் சாவிதான.” சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நான் உங்களைக் குத்திக் காட்டுறதுக்காகச் சொல்லல. நீங்க சொல்றபடி தண்ணி விடுறோம்னு வைங்க. சேதி நின்னுபோயி எண்பது ஏக்கரும் காஞ்சு போச்சுன்னா? ஆறு வருசம் கழிச்சு இன்னொரு மெஷின் வந்து, அதுவும் தப்புன்னு சொல்லும். அப்ப நீங்க இருப்பீக, நாங்க இருக்க மாட்டோம்.”

“எனக்கு உறுதியாத் தெரியும்யா.”

“அன்னைக்கும் உறுதியாத்தான எழுதியிருந்தீக?”

அவர் சொன்னதில் பகைமை எதுவும் இல்லை. அதனாலேயே அதை எதிர்கொள்வது கடினமாக இருந்தது.

“காத்தமுத்து, நீ என்ன சொல்ற?”

கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்த காத்தமுத்து நிமிர்ந்தார். “நான் மடை பாக்குறவன். சங்கம் சொன்னாத் திறப்பேன். சொல்லாட்டி இல்ல.”

“அப்ப வழக்கப்படியே போகட்டும்” என்றார் துரைசிங்கம். எது வழக்கம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

கொட்டகைக்கு வெளியே, கரையின் சரிவில், நாகவள்ளி நின்றிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. இருவரும் கரையோடு நடந்தார்கள். காற்று எழுந்து வாசத்தைக் கொண்டுவந்து முகத்தில் போட்டது.

“அப்ப நான் ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்றாள் நாகவள்ளி.

“என்னக்கா?”

“சும்மா இருந்தாப் போதும். எல்லாரும் சொல்ற மாதிரியே, தண்ணி ஊத்தாம, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு என் வேலையைப் பாத்துக்கிட்டு இருந்தா, நாலு நாள்ல இவுக எண்பது ஏக்கரும் சாவி. என் பாத்தி எப்படியும் சாகப்போகுது. எனக்கு நட்டம் என்ன இருக்கு?” அவள் குரலில் சினம் இல்லை, கூட்டிக் கழித்துப் பார்க்கும் ஒருத்தியின் நிதானம்தான் இருந்தது. “ஒரு மனுசனைப் பேசாமயே கொன்னாக. நானும் பேசாமயே கொன்னுட்டுப் போறேன். தப்பா?”

நிரஞ்சனா நின்றாள். தப்பு என்று சொல்லும் தகுதி ஊரில் யாருக்காவது இருக்கலாம். தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. “எனக்குச் சொல்லத் தெரியலக்கா.”

“அதாவது தெரியுதே.” நாகவள்ளி முதன்முறையாகச் சற்றே சிரித்தாள். மூன்றடி நடந்துவிட்டு அவளும் நின்றாள். “எங்கண்ணன் ஏன் ஊத்துனான்னு உங்களுக்குத் தெரியுமா? அன்னைக்குக் கேக்கலையே நீங்க. குடத்தைத்தான பாத்தீக.”

“தெரியாது.”

“விளைச்சலுக்குன்னு ஊரு சொல்லுச்சு. ரெண்டு பாத்தியில என்ன விளையும்? அவனுக்கு இந்த வாசம் ஆகாது. காத்து திரும்புச்சுன்னா சோறு இறங்காது. தட்டைத் தள்ளி வச்சுருவான். ‘வாசமா இது? பூவுன்னா நினைக்கிறீக? அழுகுரலு. இதை மோந்துக்கிட்டு எப்படிச் சோறு திங்கிறீக’ம்பான். நான் கிறுக்கான்னு வைவேன். பயிருடா, அதுக்கு ஒண்ணும் தெரியாதும்பேன். ‘அதுக்குத் தெரியுதோ என்னமோ, எனக்குத் தெரியுதுல்ல’ன்னுட்டுக் குடத்தைத் தூக்கிட்டுப் போயிருவான்.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கரி ஒரு தீற்றலாகக் கன்னத்தில் ஏறியது. “அவனுக்கு இந்த ஊருமேல கோவமே இல்ல, மேடம். அதுதான் எனக்குத் தாங்கல.”

அன்றிரவு நிரஞ்சனா ஊரின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கூட்டுறவுக் கிட்டங்கியின் அறையில் தங்கினாள். மறுநாள் காலை முதல் பேருந்தில் போயிருக்கலாம். போகவில்லை. இலை மாதிரி எடுக்கவேண்டும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஒன்பது மணிக்கு வரப்பில் இறங்கினாள்.

ஆயக்கட்டில் ஆள் நிறைந்த வேளை அது. நான்காம் மடைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் மடையில் இரண்டு பேர் மருந்து தெளித்தார்கள். துரைசிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு தம் வயலின் பொதியைப் பிதுக்கிப் பார்த்தார். காத்தமுத்து பத்தாம் மடையின் பலகை மேல் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில், அடைத்த மடைக்கு இந்தப்பக்கம், வாய்க்கால் நீர் முழங்கால் ஆழத்துக்குத் தேங்கி நின்றது. அந்தப்பக்கம் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது.

நாகவள்ளி ஊர்ப்பக்கமிருந்து வந்தாள். கருவேலங்காட்டைச் சுற்றும் ஒற்றையடிப் பாதையில் அல்ல; ஆயக்கட்டின் நடுவே, மாட்டுவண்டி போகும் அகலமுள்ள பெருவரப்பில். இடுப்பில் ஒரு நீலக் குடம் இருந்தது. வெயில் பட்டு வெளுத்து, கழுத்தில் சுற்றிய கம்பி துருப்பிடித்து. களை எடுத்தவர்களுள் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லோரும் நிமிர்ந்தார்கள். தெளிப்பான் நின்றது.

அவள் பத்தாம் மடைக்கு வந்து, காத்தமுத்துவின் காலடியில் இறங்கி, குடத்தை நீருக்குள் அழுத்தினாள். குடம் மூச்சு விட்டு நிறைந்தது.

“ஏத்தா,” என்றார் காத்தமுத்து. “எல்லாரும் பாக்குறாக.”

“பாக்கட்டும் மாமா.”

“நான் தடுக்கணும்த்தா.”

“தடுங்க.”

அவர் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் நகரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குடத்தை வரப்பிலிருந்து எடுத்துச் சங்கத்தின் முன் வைத்தவர் அவர்தான். குடத்தைக் கண்டபோதே அது யாருடையது என்று அறிந்தவரும் அவர்தான்; தங்கை வீட்டுக் குடம். அவர் கண்கள் துருப்பிடித்த கம்பியிலேயே நின்றன.

“மாமா, ஒதுங்குங்க. கனக்குது.”

அவர் ஒதுங்கினார்.

மடையிலிருந்து முகப்புப் பாத்திக்கு இருநூறு அடி. வெடிப்புகளுக்குள் கால் மாட்டாமல் அவள் பார்த்துப் பார்த்து நடந்தாள். பயிர் அங்கே முழங்கால் உயரம்கூட இல்லை. இலைகள் ஊசிபோலச் சுருண்டு, வைக்கோல் நிறத்தில் நின்றன. வாசம் தொண்டையை அடைத்தது. நிரஞ்சனா பின்னாலேயே போய் வரப்பில் நின்றாள். எண்பது ஏக்கரிலும் ஒரு சத்தம் இல்லை. தூரத்தில் துரைசிங்கம் குடையை விரிக்காமல், வெயிலில், இந்தப் பக்கமே திரும்பி நின்றார்.

நாகவள்ளி குடத்தைச் சாய்த்தாள். மண் முதலில் நீரை ஏற்கவில்லை; தூசி மேலெழுந்து நீர்மேல் மிதந்தது. பிறகு ஒரு வெடிப்பு வாய் திறந்து முழுவதையும் விழுங்கிற்று. ஈரம் ஒரு தட்டளவுக்குக்கூடப் பரவவில்லை. அவள் குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள்.

“தாளு இருக்கா, மேடம்?”

நிரஞ்சனா கைப்பையைத் திறந்தாள். பேனாவைத் தேடி எடுக்கச் சற்று நேரமாயிற்று.

“தேதி போட்டு எழுதுங்க. காய்ச்சல் பாத்திக்குத் தண்ணி ஊத்துனது நாகவள்ளின்னு, பேரோட எழுதுங்க.” அவள் வயல்வெளி முழுவதும் கேட்கும்படி சொன்னாள். “பூமிநாதன் தங்கச்சின்னும் எழுதுங்க. அவன் அறுபது ஊத்தியிருக்கான். இது அறுபத்தி ஒண்ணு.”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அடுத்த நடைக்கு, வந்த வழியே அவள் மடையை நோக்கித் திரும்பினாள்.